தோல் சொன்ன பாடம்: விஞ்ஞானி பீட்டர் மெடவாரின் வாழ்க்கை

எங்கள் ஊர் திமிரி. ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. நெல்லும் வேர்க்கடலையும் விளைகிற ஊர்தான் என்றாலும், காலை வேளையில் பேருந்துக்குக் காத்து நிற்பவர்களில் பலர் இராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். இன்னும் மேற்கே சென்றால் பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று வழிநெடுகத் தோல்தான். உப்பிட்ட தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊற வைத்து, மயிரையும் சதையையும் நீக்கி, அந்நாளில் ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும், பின்னாளில் குரோம் உப்பாலும் பதனிட்டு எடுக்கும் தொழில் நம் பகுதியினருக்குத் தலைமுறை தலைமுறையாகக் கைவந்தது. ஆகவே தோலைப் பற்றி நமக்கு வெளியூரார் ஒருவர் பாடம் சொல்ல வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கக்கூடும்.

ஆனால் நாம் அறிந்ததெல்லாம் இறந்த தோல். பதனிட்ட தோல் எவருக்கும் பொருந்தும். ஆம்பூரில் தைத்த காலணியை உலகில் எவரும் அணியலாம். உயிருள்ள தோலின் குணம் அதுவன்று. நெருப்பில் வெந்த ஒருவருக்கு அவருடைய தொடையிலிருந்தே தோலை எடுத்து ஒட்டினால் பிடித்துக் கொள்கிறது. உடன்பிறந்தவரின் தோலை ஒட்டினால் முதலில் பிடித்தது போலக் காட்டி, சில நாட்களில் கருகி உதிர்ந்து விடுகிறது. மல்கோவா மாவை நாட்டு மாவின் மேல் ஒட்டினால் மரம் மறுக்கிறதா? இல்லை. மனித உடல் மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

இந்த ஒரு கேள்வியைப் பற்றிக் கொண்டு தம் வாழ்நாளின் சிறந்த ஆண்டுகளைக் கழித்தவர் சர் பீட்டர் பிரையன் மெடவார். இன்று ஒருவரின் சிறுநீரகத்தையும் ஈரலையும் மற்றொருவருக்கு வைத்துப் பிழைக்கச் செய்கிறார்களே, அதற்கு அடித்தளம் இட்டவர்களில் முதல்வர் அவர். அவரைப் பற்றி எழுத எனக்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. இராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த என் சித்தப்பாவின் வயிற்றுக்குள் இன்று இருப்பது என் அத்தையின் ஈரலில் ஒரு பகுதி. அதைப் பின்னர் சொல்கிறேன்.

மெடவார் 1915-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் பிரேசில் நாட்டில், ரியோ டி ஜெனிரோவை அடுத்த பெட்ரோபொலிஸ் என்னும் மலையூரில் பிறந்தார். தந்தை லெபனான் நாட்டவர், வணிகம் செய்தவர். தாய் ஆங்கிலேயப் பெண்மணி. மூன்று நாடுகளின் கலப்பில் பிறந்த அந்தச் சிறுவன் இளமையிலேயே இங்கிலாந்துக்குப் படிக்க அனுப்பப்பட்டான். மார்ல்பரோ பள்ளியில் அவருக்குக் கிடைத்தவை கசப்பான நினைவுகளே. 1932-இல் ஆக்ஸ்போர்டு மாக்டலன் கல்லூரியில் விலங்கியல் மாணவராகச் சேர்ந்தார்; 1935-இல் முதல் வகுப்பில் தேறினார். (விலங்கியல் எடுத்தால் என்ன வேலை கிடைக்கும் என்று நம்மைக் கேட்பவர்களுக்கு இந்த விடையைச் சொல்லலாம்.) பெனிசிலின் மருந்தை உலகுக்குப் பயன்படச் செய்த ஃபுளோரியின் சோதனைச்சாலையில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். 1937-இல் உடன் பயின்ற ஜீன் டெய்லரை மணந்தார். ஆறடிக்கு மேல் உயரம், இசை நாடகத்திலும் கிரிக்கெட்டிலும் தீராத ஆர்வம், கூர்மையான பேச்சு - இவை அவரை அறிந்தோர் தவறாமல் குறிப்பிடுபவை.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு நாள், மெடவார் தம் மனைவியோடும் குழந்தையோடும் வீட்டுத் தோட்டத்தில் இருந்த போது, குண்டு வீச்சு விமானம் ஒன்று தாழப் பறந்து வந்து சற்றுத் தொலைவில் விழுந்து தீப்பற்றியது. அது எதிரி விமானம் அன்று, ஆங்கிலேயருடையதே. அதிலிருந்த வீரர் ஒருவர் உடலின் பெரும்பகுதி வெந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டு போகப்பட்டார். சிகிச்சை செய்த மருத்துவர், திசுக்களை ஆராய்பவராயிற்றே என்று மெடவாரை அழைத்து, ஏதேனும் வழி உண்டா என்று கேட்டார். அதுவரை கண்ணாடிக் குடுவைகளோடு வாழ்ந்தவர் அந்த வீரரின் படுக்கையருகே நின்றார். வெந்த பரப்போ பெரிது. எடுத்து ஒட்ட மிஞ்சியிருந்த சொந்தத் தோலோ சிறிது. வேறொருவர் தோலை ஒட்டினால் நிலைக்காது என்பதை அறுவை மருத்துவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். ஏன் நிலைக்காது என்பதைத் தெளிவாகச் சொல்வார் இல்லை. அன்றிலிருந்து மெடவாரின் வேலை மாறிற்று.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு அவரை கிளாஸ்கோ நகர மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்கு அனுப்பியது. அங்கே தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரோடு சேர்ந்து அவர் கவனித்த நோயாளிகளில் ஓர் இளம்பெண் முக்கியமானவர். தீக்காயத்தால் அவதிப்பட்ட அப்பெண்ணின் புண்ணில், அவருடைய தோலிலிருந்து எடுத்த சிறு துண்டுகளையும், அவர் சகோதரனின் தோலிலிருந்து எடுத்த சிறு துண்டுகளையும் பதித்தார்கள். சொந்தத் துண்டுகள் வேர்விட்டு வளர்ந்தன. சகோதரனின் துண்டுகள் தொடக்கத்தில் நன்றாகவே இருந்து பிறகு அழிந்தன. இதுவரை புதிது ஒன்றும் இல்லை. ஆனால் அதே சகோதரனின் தோலை இரண்டாம் தடவையும் பதித்துப் பார்த்தார்கள். இம்முறை அவை முன்னைவிட வேகமாக அழிந்து போயின.

இந்த வேகத்தில்தான் விடை இருந்தது. ஒருமுறை தட்டம்மை வந்து தேறிய குழந்தைக்கு மறுமுறை அது வருவதில்லை என்பது நம் வீட்டுப் பாட்டிமார் அறிந்த செய்தி. உடல் முதல் தடவை கண்ட பகையை நினைவில் வைத்திருக்கிறது. மறுமுறை கண்டவுடன் பாய்கிறது. சகோதரனின் தோலுக்கும் அதே கதி நேர்ந்தது என்றால், தோல் அழிவது இரத்த ஓட்டம் கிடைக்காததால் அன்று, அறுவை மருத்துவரின் கைக் குறையாலும் அன்று. அம்மை நோயை எதிர்க்கும் அதே காவல்தான் அண்ணன் தம்பி உறவு பாராமல் தோலையும் எதிர்க்கிறது. கிப்சனும் மெடவாரும் இதை 1943-இல் வெளியிட்டார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, அழிந்து கொண்டிருந்த தோலுக்குள் சிறு உருண்டை வடிவ வெள்ளையணுக்கள் கூட்டங்கூட்டமாய் நுழைந்திருந்தன. லிம்போசைட்டுகள் எனப்படும் நிணநீர் அணுக்கள் அவை. அவை அங்கே செய்யும் வேலை என்ன என்பதை அக்காலத்தில் ஒருவரும் அறியார், மெடவாரும் அறியார்.

ஒரு நோயாளியைக் கொண்டு முடிவு கட்டுவது அறிவியல் ஆகாது. ஆக்ஸ்போர்டு திரும்பிய மெடவார் முயல்களை வைத்துக் கொண்டு, ஒன்றன் தோலை மற்றொன்றுக்கு ஒட்டி, நாள்தோறும் துண்டு எடுத்துப் பார்த்து, நூற்றுக்கணக்கான ஒட்டுகளைத் தன்னந்தனியாக ஆராய்ந்தார். எல்லாவற்றிலும் கிளாஸ்கோவில் கண்டதே நடந்தது. 1944-லும் 1945-லும் வெளிவந்த அந்த அறிக்கைகள் இத்துறையின் முதல் பாடநூல் போன்றவை. 1947-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார். அப்போது அவருக்கு வயது 32.

இனித்தான் கதையில் மாடு வருகிறது.

1948-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த மரபியல் மாநாட்டில், கால்நடை ஆராய்ச்சியாளர் ஹியூ டொனால்ட் என்பவர் மெடவாரிடம் ஒரு சிக்கலைச் சொன்னார். பசு ஈன்ற இரட்டைக் கன்றுகள் ஒரே கருவிலிருந்து பிரிந்தவையா, இரு தனிக் கருக்களா என்று கண்டுபிடிக்க வழி உண்டா? மெடவார் யோசனையே இல்லாமல் விடை சொல்லி விட்டார். ஒன்றன் தோலை மற்றொன்றுக்கு ஒட்டிப் பாருங்கள்; பிடித்தால் ஒரே கரு, உதிர்ந்தால் தனிக்கரு. சொன்னதோடு நில்லாமல், தம் மாணவராயிருந்து துணைவரான ரூபர்ட் பில்லிங்காமை அழைத்துக் கொண்டு ஸ்டாஃபர்ட்ஷயரில் இருந்த பண்ணைக்கே போய் வேலையைத் தொடங்கினார். சேற்றிலும் சாணத்திலும் நின்று கன்றுகளுக்குத் தோல் ஒட்டினார்கள் இரு விலங்கியலாரும். விளைவு அவருடைய விடையைப் பொய்யாக்கியது. ஏறக்குறைய எல்லாக் கன்றுகளுமே தம் இரட்டையின் தோலை ஏற்றுக் கொண்டன! ஒன்று காளைக்கன்று, ஒன்று கிடேரி என்று ஐயத்துக்கு இடமின்றித் தனிக்கருவாய்ப் பிறந்தவைகூட ஏற்றுக் கொண்டன.

தாம் சொன்னது தவறாகி விட்டதே என்று ஒதுங்கிப் போயிருந்தால் நாம் இன்று அவரை நினைக்க மாட்டோம். கணக்கு ஏன் தவறியது என்று தேடினார். அமெரிக்காவில் விஸ்கான்சினில் ரே ஓவன் என்பவர் 1945-லேயே ஓர் உண்மையைக் கண்டிருந்தார். பசுவின் வயிற்றில் இரட்டைக் கன்றுகளின் நஞ்சுக்கொடிகள் ஒன்றோடொன்று இணைந்து, ஒன்றன் இரத்தம் மற்றதன் உடலில் பாய்கிறது. பிறந்து வளர்ந்த பின்னரும் ஒவ்வொன்றின் உடலிலும் மற்றதன் இரத்த அணுக்கள் வாழ்ந்து கொண்டிருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் மாக்ஃபர்லேன் பர்னெட் இதைப் படித்துவிட்டு 1949-இல் ஒரு கருத்தை வெளியிட்டார். எது தன்னது, எது பிறரது என்று உடல் பிறக்கும்போதே அறிந்திருப்பதில்லை. கருவில் இருக்கும் காலத்தில் கற்றுக் கொள்கிறது என்பது அக்கருத்து. அந்தப் பருவத்தில் உள்ளே வந்துவிட்ட அன்னியனையும் அது தன்னவன் என்றே பதிவு செய்து கொள்ளும். பர்னெட் இதை மெய்ப்பிக்க முயன்றும் கைகூடவில்லை.

கைகூட வைத்தவர்கள் மெடவார் குழுவினர். 1951-இல் அவர் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார். பில்லிங்காம் உடன் சென்றார்; லெஸ்லி பிரென்ட் என்ற இளைஞரும் சேர்ந்து கொண்டார். இந்த பிரென்டின் கதை தனியே எழுதத் தக்கது. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, 1938-இல் குழந்தைகளை மட்டும் ஏற்றி வந்த பயணத்தில் இங்கிலாந்துக்குத் தப்பி வந்தவர்; பெற்றோரும் தமக்கையும் நாஜிகளால் கொல்லப்பட்டனர். பிறன் என்று முத்திரை குத்தி மனிதரை அழித்த நாட்டிலிருந்து தப்பியவர், உடல் எப்படிப் பிறனை ஏற்கிறது என்று ஆராய வந்து சேர்ந்தார்.

மூவரும் செய்த சோதனை இது. பழுப்பு நிற எலி இனம் ஒன்று, வெள்ளை எலி இனம் ஒன்று. பழுப்பு எலி சினையாக இருக்கும்போது, அதன் வயிற்றில் உள்ள குட்டிகளுக்கு வெள்ளை எலியின் உயிருள்ள அணுக்களை மெல்லிய ஊசியால் செலுத்தினார்கள். 1953-இல் வெளியிட்ட கட்டுரையில் விவரித்த ஓர் ஈற்றில் ஐந்து குட்டிகள் பிறந்தன. அவை வளர்ந்து எட்டு வாரம் ஆனதும் வெள்ளை எலியின் தோலை அவற்றுக்கு ஒட்டினார்கள். இரண்டில் தோல் வழக்கம் போல் உதிர்ந்தது. மூன்றில் நிலைத்தது. பழுப்பு உடலில் வெள்ளை மயிர் அடர்ந்து வளர்ந்தது. மூன்று எலிகள்தானே என்று எண்ண வேண்டாம். பிறர் திசுவை மறுப்பது மாற்ற முடியாத விதி என்று அதுவரை கருதப்பட்டது. மாற்றலாம் என்று காட்ட ஓர் எலியே போதும். உடல் இப்படி ஏற்றுக் கொள்வதை அவர்கள் ஈட்டிய பொறுமை என்ற பொருள்படப் பெயரிட்டு அழைத்தார்கள். நம் பாடங்களில் அதைச் சகிப்புத்தன்மை என்கிறோம்.

அதே கட்டுரையில் வேறொரு சோதனையும் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை. என் கருத்தில் அதுவே சிறப்பானது. வெள்ளைத் தோலை அமைதியாகத் தாங்கிக் கொண்டிருந்த பழுப்பு எலிக்குள், ஏற்கெனவே வெள்ளைத் தோலை ஒருமுறை மறுத்துப் பழகிய வேறொரு பழுப்பு எலியின் நிணநீர்க் கணுக்களிலிருந்து அணுக்களை எடுத்துச் செலுத்தினார்கள். வாரக்கணக்கில் நிலைத்திருந்த வெள்ளைத் தோல் சிதைந்து போயிற்று. அப்படியானால் தோலில் கோளாறு இல்லை. அது தன் அடையாளத்தை இழக்கவும் இல்லை. மாறியிருந்தது காவலர் கூட்டம்தான். மறுத்துப் பழகிய காவலரைக் கொண்டு வந்தால் மறுப்பும் கூடவே வந்து விடுகிறது. மெடவாரின் மாணவர் அவ்ரியன் மிச்சிசன் அக்காலத்தில், இந்த மறுப்பை ஓர் எலியிலிருந்து மற்றதற்குக் கொண்டு செல்வது இரத்தத்தின் தெளிநீர் அன்று, உயிருள்ள நிணநீர் அணுக்களே என்று காட்டினார். கிளாஸ்கோவில் உருப்பெருக்கியின் கீழ் கூட்டங்கூட்டமாய்த் தெரிந்த அந்தச் சிற்றணுக்களின் தொழில் இவ்வாறு வெளிப்பட்டது. பின்னாளில் அவற்றுள் கழுத்துக்குக் கீழே உள்ள தைமஸ் சுரப்பியில் பயிற்சி பெறும் டி அணுக்களே இப்போரின் தலைவர்கள் என்று அறியப்பட்டது. தைமஸின் பணியை 1961-இல் கண்டறிந்தவர் ஜாக் மில்லர்.

1960-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மெடவாருக்கும் பர்னெட்டுக்கும் கிடைத்தது. மெடவார் தமக்குக் கிடைத்த தொகையில் பில்லிங்காமுக்கும் பிரென்டுக்கும் பங்கு கொடுத்தார். ரே ஓவனுக்கும் இப்பரிசில் இடம் இருந்திருக்க வேண்டும் என்று அவருக்கே எழுதினார். பெரும் பதவிகளும் பட்டங்களும் தொடர்ந்தன. 1962-இல் லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநரானார். 1965-இல் சர் பட்டம் பெற்றார்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1950-களில் ஆக்ஸ்போர்டில் அவர் தம் எலிகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றிய போது, கேட்டுக் கொண்டிருந்த ஒருவர் இதனால் நோயாளிகளுக்குப் பயன் உண்டா என்று வினவினார். அறவே இல்லை என்பதே மெடவாரின் விடை. அவர் சொன்னது நியாயமே. நோயாளியைத் தாய் வயிற்றுக்குள் திரும்ப அனுப்பி ஊசி போட முடியுமா? ஆனால் கூட்டத்தில் இருந்த ராய் கான் என்ற இளம் மருத்துவர் அந்த விடையை ஒப்புக் கொள்ளவில்லை. விதி ஒருமுறை மீறப்பட்டது என்றால் வேறு வழியிலும் மீறலாம் என்று எண்ணினார். காவலர் அணுக்களை மருந்தால் அடக்கும் வழியைத் தேடி நாய்களின் சிறுநீரகத்தில் வெற்றி கண்டார். போஸ்டனில் 1954-இல் ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடையே மட்டும் முடிந்த சிறுநீரக மாற்று, இம்மருந்துகளால் மற்றவர்க்கும் கிடைத்தது. 1971-இல் நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே சிறுநீரக மாற்று வெற்றிகரமாக நடந்தது என்பது நம் மாவட்டம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

ஈரல் வேறு கதை. அமெரிக்காவில் தாமஸ் ஸ்டார்ஸல் 1963-இல் முதன்முதலாக மனிதருக்கு ஈரலை மாற்றினார். அந்தக் குழந்தை அறுவையின்போதே குருதி பெருகி இறந்தது. 1967-இல்தான் ஓராண்டுக்கு மேல் பிழைத்த நோயாளியைக் காண முடிந்தது. ஐரோப்பாவில் ராய் கான் 1968-இல் கேம்பிரிட்ஜில் தொடங்கினார். அறுவைச் சிகிச்சையாக நோக்கினால் எல்லா உறுப்புகளிலும் கடினமானது ஈரல். ஆனால் வேறொரு வகையில் அது எல்லாவற்றிலும் எளியது. இந்த விந்தையைக் கான் குழுவினர் 1969-இல் பன்றிகளில் காட்டினார்கள். ஒரு பன்றியின் ஈரலை மற்றொன்றுக்கு வைத்தால், மருந்து ஒன்றும் கொடுக்காமலே பல பன்றிகள் நெடுநாள் வாழ்ந்தன. அதே பன்றியிடமிருந்து எடுத்த தோலும் சிறுநீரகமும் தனியே வைத்தால் உதிர வேண்டியவை. ஈரலோடு சேர்ந்து வந்தால் அவையும் நெடுநாள் தாங்கின. மெடவார் கருவுக்குள் ஊசி போட்டுப் பெற்ற சகிப்பை, ஈரல் வளர்ந்த விலங்கிலேயே ஓரளவு வரவழைத்து விட்டது!

ஏன்? முழு விடை இன்றும் கிடைத்துவிடவில்லை. ஆயினும் பல இழைகள் தெரியும். நாம் உண்பதெல்லாம் செரித்து, குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. அதில் நாள்தோறும் எத்தனையோ அன்னியப் பொருள்களும், குடற்கிருமிகளின் துணுக்குகளும் வருகின்றன. ஒவ்வொன்றையும் கண்டு போர் முரசு கொட்டினால் மனிதன் ஒரு வேளை உண்டு பிழைக்க முடியாது. வாரச்சந்தையில் நிற்கும் காவலர் முகந்தெரியாத ஒவ்வொருவரையும் பார்த்து விசில் ஊதுவாரா? அதுபோல் ஈரலில் குடியிருக்கும் காவலணுக்கள், அதாவது குப்ஃபர் அணுக்களும் நுண்குழல்களின் சுவரணுக்களும், அன்னியத்தைக் காட்டும்போதே அடங்கியிரு என்ற குறிப்பையும் சேர்த்துக் காட்டுகின்றன. ஈரலுக்குள் வந்து கிளர்ச்சி கொள்ளும் டி அணுக்களில் பல அங்கேயே சோர்ந்து மடிகின்றன. அத்துடன், ஈரல் தன்னோடு கொடையாளியின் வெள்ளையணுக்களையும் பெருந்தொகையாகக் கொண்டு வருகிறது. அவை பெறுபவரின் நிணநீர்க் கணுக்களுக்கும் மண்ணீரலுக்கும் பரவிக் கலந்து விடுகின்றன. பசுவின் வயிற்றில் இரட்டைக் கன்றுகளின் இரத்தம் கலந்ததை இங்கே நினைத்துப் பாருங்கள்.

ஆனால் மனிதர் பன்றியல்லர். ஈரல் முழுமையாகக் காத்து விடுவதும் இல்லை. இதைச் சித்தப்பா கண்ட பாடு எங்களுக்குக் கற்பித்தது. மஞ்சள் காமாலை முற்றி, வயிற்றில் நீர் கோத்து, மாற்று ஈரல் இன்றி வழியில்லை என்று சென்னையில் சொன்னார்கள். அத்தை, தம்பிக்குத் தருகிறேன் என்று முன்வந்தார். இரத்த வகை ஒத்துப் போயிற்று. சிறுநீரகத்துக்குப் பார்ப்பது போல் திசு வகைப் பொருத்தம் ஈரலுக்குக் கட்டாயம் இல்லை என்று மருத்துவர்கள் விளக்கினார்கள். வெட்டினாலும் வளரும் உறுப்பு அது ஒன்றுதான். சில மாதங்களில் இருவருக்கும் ஈரல் ஏறத்தாழ நிறைந்து வளர்ந்தது. இரண்டாம் ஆண்டில் ஊர்த் திருவிழா வந்தது. உடம்புதான் நன்றாயிருக்கிறதே என்று சித்தப்பா மூன்று வாரம் மாத்திரையை விட்டு விட்டார். கண் மஞ்சளித்தது. ஊசியால் ஈரலில் துளி எடுத்துப் பார்த்தார்கள். பித்த நாளங்களைச் சுற்றியும் இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் லிம்போசைட்டுகள் கூட்டங்கூட்டமாய் நுழைந்திருந்தன என்று மருத்துவர் சொன்னார். நான் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஊசி மருந்து ஏற்றி அவற்றை அடக்கிய பின் சித்தப்பா தேறினார். கிளாஸ்கோவில் சகோதரனின் தோலைத் தங்க விடாத அதே அணுக்கள்தாம் திமிரியில் அக்காவின் ஈரலைத் தேடி வந்தன என்பதை, கல்லூரிக்கு வந்து மெடவாரைப் படித்த பிறகே புரிந்து கொண்டேன்.

மெடவாரின் வாழ்வுக்குத் திரும்புவோம். கான் பன்றிகளின் செய்தியை வெளியிட்ட அதே 1969-ஆம் ஆண்டு செப்டம்பரில், பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் தலைவராக எக்ஸிடர் நகரில் இருந்த மெடவார், தேவாலயத்தில் வேதபாடம் வாசித்துக் கொண்டிருக்கும்போதே மூளையில் இரத்தம் கசிந்து சரிந்தார். அவருக்கு வயது 54. இடப்பக்கம் செயலிழந்தது, பார்வையிலும் ஒரு பாதி போயிற்று. இயக்குநர் பதவியை விட்டார், சோதனைச்சாலையை விடவில்லை. லண்டனை அடுத்த ஹாரோவில் இருந்த மருத்துவ ஆராய்ச்சி மையத்தில், ஒரு கையாலான வேலையைத் தாமும் மற்றதை உதவியாளரும் செய்ய, புற்றுநோயைக் காவலணுக்கள் எதிர்க்குமா என்று ஆராய்ந்தார். மனைவி ஜீன் அவருக்குக் கையாகவும் காலாகவும் இருந்தார். இருவரும் சேர்ந்து நூல்களும் எழுதினார்கள். இளம் விஞ்ஞானிக்கு அறிவுரை கூறும் அவருடைய நூல் 1979-இல் வந்தது. கன்றுகள் விஷயத்தில் தம் ஊகம் பொய்த்ததை மறைக்காமல் எழுதியவர் அவர். அறிவியல் கட்டுரைகள் எல்லாம் உண்மையில் நடந்த ஆராய்ச்சியின் தடுமாற்றத்தை மறைத்து, நேர்கோட்டில் நடந்ததாகக் காட்டுகின்றன என்று 1963-லேயே குற்றம் சாட்டியவரும் அவரே. நம் செய்முறைக் குறிப்பேடுகளை நினைத்தால் எனக்கும் கொஞ்சம் உறுத்துகிறது.

மேலும் சில தாக்குதல்களைத் தாங்கிய பிறகு, 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் லண்டனில் காலமானார்.

அவர் மறைந்த பிறகும் அவருடைய எலிகளும் கன்றுகளும் ஓயவில்லை. 1992-இல் ஸ்டார்ஸல், பல ஆண்டுகளுக்கு முன் உறுப்பு மாற்றுப் பெற்று நலமாய் வாழ்ந்தவர்களின் தோலிலும் நிணநீர்க் கணுக்களிலும் கொடையாளியின் அணுக்கள் இன்னும் வாழ்ந்து கொண்டிருப்பதைக் கண்டார். அதுதான் சகிப்புக்குக் காரணமா, சகிப்பின் விளைவா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். 1995-இல் ஜப்பானின் சிமோன் சாகாகுச்சி, மற்றக் காவலரை அடக்கி வைக்கவென்றே தனியாக ஒருவகை டி அணுக்கள் உண்டு என்று நிறுவினார். அதற்காக 2025-ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் இரு அமெரிக்க விஞ்ஞானிகளோடு பகிர்ந்து கொண்டார். இந்த அணுக்களைப் பெருக்கி ஈரல் பெற்றவருக்கே திரும்பச் செலுத்தினால் மருந்தை நிறுத்தலாமா என்று சோதித்து வருகிறார்கள். ஈரல் பெற்றவர்களில் சிலர், மருத்துவர் மேற்பார்வையில் மருந்தைச் சிறுகச் சிறுகக் குறைத்து, முற்றிலும் நிறுத்தி நலமாய் இருக்கிறார்கள் என்பதும் உண்மை. யாருக்கு அது இயலும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்லும் சோதனைதான் இன்னும் கைக்கு வரவில்லை.

இது வெறும் ஏட்டறிவுச் சிக்கல் அன்று. 1998-இல் தில்லியில் நம் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்குத் தந்தையின் ஈரலில் ஒரு பகுதியை வைத்துப் பிழைக்கச் செய்தார்கள். அதன்பின் இந்நாட்டில் எத்தனையோ பேர் அவ்வாறு வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் காவலணுக்களை அடக்கும் மாத்திரையை ஆயுள் முழுவதும் விழுங்குகிறார்கள். ஈரலைத் தாக்கும் அணுவையும் கிருமியைத் தாக்கும் அணுவையும் அந்த மாத்திரை பிரித்தறியாது. நெடுநாளில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரை நோயையும் கொண்டு வரும். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்ட சித்தப்பா மருத்துவரிடம் போகும் போதெல்லாம் மாத்திரையை என்றைக்கு நிறுத்தலாம் என்று கேட்கத் தவறுவதில்லை. பொறுங்கள் என்றுதான் பதில் வருகிறது.

சென்ற பொங்கலுக்கு அத்தை ஆரணியிலிருந்து வந்திருந்தார். திண்ணையில் உட்கார்ந்து எல்லாரும் பேசிக் கொண்டிருந்தோம். இரவு எட்டு மணி ஆயிற்று. அத்தை பேச்சைப் பாதியில் நிறுத்தி, உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டு வந்து தம்பியின் கையில் கொடுத்து விட்டு, அவர் மாத்திரையை விழுங்கி முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார்.